நடக்கச் சொன்னால் நடக்காதவர்கள்

நடக்கச் சொல்வது என் தொழில். நடக்காமலிருக்கக் காரணம் தேடுவது என்னிடம் வருகிறவர்களின் தொழில். புதுச்சேரியில் ஒரு கிளினிக்கில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். லேசாக மூச்சு வாங்கும் வேகத்தில் தினமும் அரை மணி நேரம் விடாமல் நடந்தால் ரத்தக் குழாய்கள் இளகி விரிந்துகொடுக்கும். இதைச் சொல்லியே தொண்டை கட்டிப்போன சக பிசியோதெரபிஸ்டுகளே, உங்களுக்கும் இப்படித்தானே?

பீச் ரோடு வீரர்

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்; அந்த வழக்கப்படி அவர் எனக்கு 'முசியே', நான் அவருக்கு 'மதாம்'. ரத்த அழுத்தம் இறங்கவே இல்லை. "தினம் ஒரு மணி நேரம் பீச் ரோட்டுல நடக்கறேன் மதாம்" என்று என் மேல் பாய்வார். ஒரு மாலை நானே அவரை அங்கே பார்த்தேன். நாலு எட்டு வைப்பார், தெரிந்தவர் வருவார், நின்று பேசுவார். பிறகு சுண்டல். பிறகு கடலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். "இதுவா நடை?" என்று கூட வந்திருந்த அவர் மனைவியிடம் கேட்டேன். அந்தம்மா சாதாரணமாகச் சொன்னார்:

"வீட்ட விட்டு வெளிய இருக்கற நேரத்ததான் மதாம் அவரு நடைன்னு சொல்றாரு."

ஞாயிற்றுக்கிழமை ஓட்டம்

சேதராப்பட்டு தொழிற்சாலை ஒன்றில் மேனேஜர் முரளி. வாரம் முழுக்க நாற்காலி. ஞாயிறன்று வெயிலில் கடலூர் ரோட்டில் ஓடி, மயங்கி விழுந்தார். யாரோ ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். குளுக்கோஸ் ஏறி, கெண்டைக்கால் தசை பிடித்து, என்னிடம் நொண்டிக்கொண்டு வந்தார். தினம் கொஞ்சம் நடந்தால்தான் பலன், ஒரே நாளில் ஓடித் தீர்க்க முடியாது என்று விளக்கினேன். கவனமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"சரிங்க மேடம், அப்ப இப்ப ஓடுனத அடுத்த வார நடையில கழிச்சுக்கலாமா?"

சேகரின் மெஷின்

தவளக்குப்பத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் சேகருக்குச் சர்க்கரை, சிகரெட் இரண்டும் உண்டு. காலுக்குப் போகும் ரத்தக் குழாய் சுருங்கி, கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் வலிக்கும். "வலி வந்தா நில்லுங்க, போனதும் மறுபடி நடங்க. நடந்த நேரம் மட்டும் சேர்த்து அரை மணி வரணும். மாசக்கணக்குல செஞ்சா, சின்னக் குழாய்ங்க பெரிசாகி ரத்தத்தக் கொண்டுபோவும்" என்றேன். அவர் மனைவி சுமதி அழுதபடி கெஞ்சினார். தலையாட்டிவிட்டுப் போனவர், டிவி விளம்பரம் பார்த்து, காலை வைத்தால் அதிரும் மெஷின் ஒன்று வாங்கினார். சோபாவில் உட்கார்ந்து, சிகரெட் பிடித்தபடி, காலை அதில் வைத்து சீரியல் பார்த்தார்.

மழைக்காலத்தில் கால் விரல் கறுத்துப்போய் வந்தார். ஆஸ்பத்திரியில் விரலை எடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் காலையே எடுக்கும்படி ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னதும் சுமதி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். புண் ஆறட்டும், இந்த முறை நானே கூட நடந்து பழக்கிவிடுவது என்று முடிவு செய்து வார்டுக்குப் போனேன். கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் தூக்கி வைத்திருந்த சேகர், என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து கேட்டார்:

"வெரல எடுத்துட்டாங்க மேடம், இனிமே நடக்கச் சொல்ல மாட்டீங்கல்ல?"

ரத்தக் குழாயில் அடைப்பு வந்தால் ஏதாவது செய்யலாம், காதில் இருக்கிற அடைப்புக்கு எங்கள் கிளினிக்கில் வைத்தியம் இல்லை.