இடப்பக்கத்துப் படி

வலப்பக்கக் கதவைத் திறந்த வசந்தாமணியின் கண்ணில் முதலில் பட்டது, ஓட்டுகிற சீட்டின்மேல் விரித்திருந்த ஒரு துண்டு. பச்சைக்கரை போட்ட, யாரோ ஒரு ஆம்பளையின் வியர்வை மணக்கும் துண்டு. அடுத்துப் பட்டது, அந்தச் சீட்டு தன் நெஞ்சுக்கு நேராக இருக்கிறது என்பது. கால் வைத்து ஏற வேண்டிய தளம் அவள் இடுப்பைத் தொட்டது. பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி இல்லை. மிதித்து ஏற ஒரு படி இல்லை.

போன வாரம் இதே வண்டியை இதே பட்டறைக்கு அவளேதான் ஓட்டிவந்து நிறுத்தினாள். சேலையை ஒரு கையால் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, மறு கையால் ஸ்டீயரிங்கைப் பற்றி, சைக்கிளில் ஏறுகிற லாவகத்தோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்த வண்டி. இப்போது வேறு யாருடைய வண்டியையோ தெரியாமல் திறந்துவிட்டதுபோல நின்றாள்.

"எப்புடிங்க்கா இருக்குது?" பின்னாலிருந்து கேட்டான் சரவணக்குமார். நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு போகிற சாலையில், ஜீப்பையும் பிக்கப்பையும் உயர்த்திக் கட்டுகிற பட்டறை அவனுடையது. "நாலு இஞ்ச் தூக்கியிருக்கறமுங்க. புது டயருல இன்னொரு ஒன்னர. எந்தக் கரட்டு மேலயும் ஏறிப் போயிரும்."

"நாலா?"

"ஆமாங்க்கா."

"நான் ரெண்டுன்னல்ல சொன்னேன்?"

சரவணக்குமார் வேஸ்ட் துணியை எடுத்து விரல்களைத் துடைத்தான். விரல்களில் துடைக்க ஒன்றும் இல்லை.

மல்லசமுத்திரம் பக்கம் போய் வசந்தாமணி வீடு எது என்று கேட்டால் நான்கு பேரையாவது காட்டுவார்கள். ரிக்கு அம்மணி என்றால்தான் நேராக இவள் வாசலில் கொண்டுபோய் விடுவார்கள். கணவன் சுவாமிநாதன் ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக்கு, ஒரே ஒரு போர்வெல் வண்டி வைத்திருந்தான். நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவன் எழவில்லை. கருமாதிப் பந்தல் பிரிப்பதற்குள் அந்த ரிக்கை யார் வாங்குவது என்று உறவுக்காரர்கள் பேசத் தொடங்கிவிட்டார்கள். விற்கிறாயா என்று அவளை ஒருவரும் கேட்கவில்லை. கேட்காமல் பேசிய அந்தப் பேச்சுதான் அவளை விற்கவிடாமல் செய்தது. மறு மாதமே ரிக்கு கிளம்பியது, அவளும் கூடவே போனாள்.

வண்டி ஓட்டக் கற்றதும் கோபத்தில்தான். ஓமலூர் பக்கம் ஒரு தோட்டத்தில் துளை போட்டுக்கொண்டிருந்தபோது, பொம்பளை சொல்லி நான் கேட்பதா என்று சாவியை எறிந்துவிட்டு ஜீப் டிரைவர் பஸ் ஏறிப் போய்விட்டான். ரிக்கு ஆட்கள் சாப்பாடு இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். வசந்தாமணி சாவியைப் பொறுக்கினாள். ஓமலூர் கடைவீதிவரை முதல் கியரிலேயே உறுமிக்கொண்டு போய்ப் பரோட்டா கட்டிவந்தாள். மறுநாள் இரண்டாவது கியருக்கு மாறினாள். லைசென்ஸ் எடுத்தது அதற்கப்புறம்.

ஜீப் ஓய்ந்ததும் அவள் தேடிப் பிடித்தது ஹைப்ரிட் பிக்கப். பாதி பெட்ரோல், பாதி பேட்டரி. ஊரே சிரித்தது. "ரிக்கு குடிக்கற டீசலுக்கே நான் மாரடிச்சுட்டிருக்கறேன். வாசல்ல இன்னொரு குடிகாரனைக் கட்டி வெக்கச் சொல்றியா?" என்று சிரித்தவர்களின் வாயை அடைத்தாள். வண்டி பூனை மாதிரி சத்தமில்லாமல் கிளம்பும். வாசலில் நிற்கிற நாய்கூட அது நகர்ந்த பிறகுதான் துள்ளி விலகும். அது அவளுக்குப் பிடித்திருந்தது. அவள் வாழ்க்கையில் சத்தம் போடாமல் வேலை செய்த முதல் ஆசாமி அந்த வண்டிதான்.

இந்தக் கோடையில் ரிக்கு வாழப்பாடிக்கு வடக்கே மலையடிவாரத்தில் நின்றது. பாறையைத் துளைத்து மழுங்கிய பிட்டைத் தீட்டக் கொண்டுவருவதும் தீட்டியதைத் திருப்பிக் கொண்டுபோவதும் அவள் வேலை. கடைசி மூன்று கிலோமீட்டர் பாதை என்று சொல்ல முடியாது, காய்ந்த ஓடை. ஒருநாள் வண்டியின் வயிற்றில் பாறை இடித்தது. அவளே அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தாள். பேட்டரிக்குப் போகிற ஆரஞ்சு வயரை மூடியிருந்த தகடு நசுங்கியிருந்தது. அதனால்தான் சரவணக்குமாரிடம் வந்தாள். இரண்டு இஞ்ச் உயரம், கல்லைக் கடிக்கிற ஆல்-டெரெய்ன் டயர் நான்கு. இந்த இடத்தில் நின்றுதான் சொன்னாள். அவனும் தலையாட்டினான்.

"அண்ணன் போன் பண்ணாருங்க்கா," என்றான் சரவணக்குமார் இப்போது. "செய்யறது செய்யறோம், நாலாவே தூக்கிரு, நங்கையாகிட்ட நான் சொல்லிக்கறேன்னாருங்க. நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டீங்கன்னு நெனச்சுட்டேன்."

அண்ணன் என்றால் மருதாசலம். சுவாமிநாதனின் தம்பி. நங்கையா என்றால் அண்ணன் மனைவி, இவள்.

"வண்டி யாருது?"

"உங்குளுதுதானுங்க."

"அட்வான்ஸ் யாரு குடுத்தா?"

"நீங்கதானுங்க. அட, கோவிச்சுக்காதீங்க்கா. இப்புடி வாங்க, உங்களுக்குன்னே ஒண்ணு செஞ்சு வெச்சிருக்கறேன்." அவளைச் சமாதானப்படுத்துகிற அவசரத்தில் திறந்திருந்த கதவைச் சாத்தி, வண்டியைச் சுற்றி இடப்பக்கம் அழைத்துப்போனான்.

அங்கே படி இருந்தது. புள்ளி போட்ட இரும்புத் தகட்டில், வழுக்காமலிருக்க மேலே ரப்பர் ஒட்டி, ஓரத்தை உரசி மழுக்கி, நகைபோலச் செய்த படி. கதவுக்கு உட்புறம் கைக்கு அடக்கமாக ஒரு பிடி. "கம்பெனிப் படி பாறையில இடிக்கும்னு ரெண்டு பக்கமும் கழட்டீட்டமுங்க. ஆனா நீங்க சேலையோட ஏறோணுமேன்னு இதை நானே வெல்டு வெச்சேன். காசு வேண்டாங்க."

வசந்தாமணி அந்தப் படியையே பார்த்தாள். அதில் அவன் அக்கறை தெரிந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

நாமக்கல்லில் வண்டி முதலாளி என்றால் இடப்பக்கம்தான். லாரி முதலாளியும் ரிக்கு முதலாளியும் ஸ்டீயரிங்கைத் தொட மாட்டார்கள். தொட்டால், டிரைவர் வைக்க வக்கில்லாமல் போய்விட்டான் பார் என்று டீக்கடையில் பேச்சு வரும். வெள்ளை வேட்டி இடப்பக்கம், காக்கிச் சட்டை வலப்பக்கம். எத்தனையோ முதலாளிகளுக்குப் படி வைத்துப் பழகிய சரவணக்குமாரின் கை, யாரையும் கேட்காமல் தானாக இடப்பக்கம் போயிருக்கிறது.

"ஓட்டறது யாருன்னு கேட்டியா நீயி?"

"ஓனரு இக்கட்ட, இடப்பக்கந்தானுங்களே உக்காருவாங்க..."

"போன வாரம் வண்டியக் கொண்டாந்து உன்ற பட்டறைக்குள்ள உட்டது யாரு? பேயா?"

சரவணக்குமார் பட்டறை வாசலைத் திரும்பிப் பார்த்தான். அவன் கண்ணால் பார்த்ததுதான். அவள் ஓட்டிவந்ததைப் பார்த்தும் அது அவன் மண்டையில் ஏறவில்லை.

அந்த நேரத்தில் மருதாசலம் வந்து சேர்ந்தான். சலவை வேட்டி, கையில் எலுமிச்சம்பழப் பை. பின்னால் டிபன் கேரியரோடு ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு ஆள்.

"நங்கையா, வந்துட்டீங்களா! இவுரு வேலுசாமி. ராசிபுரம் பக்கம். லாரியில முப்பது வருச சர்வீசுங்க. இனி நீங்க அந்த ஓடையில கெடந்து அல்லாட வேண்டியதில்ல. மகாராணியாட்ட இக்கட்ட உக்காந்துட்டு வாங்க."

வேலுசாமி கும்பிட்டார். முன்னாலேயே வந்து சீட்டில் விரித்துப்போன துண்டு யாருடையது என்று வசந்தாமணிக்குத் தெரிந்துவிட்டது.

"டிரைவரு வேணும்னு நான் எப்பக் கேட்டேன்?"

"நீங்க கேப்பீங்களா? நாங்கதான் பாத்துச் செய்யோணும். ஒறம்பரை சனமெல்லாம் என்னைத்தான் கேக்கறாங்க. அண்ணன் பொண்டாட்டிய வண்டி ஓட்ட உட்டுட்டு நீ என்றா பண்றேங்கறாங்க. எனக்குத் தலை காட்ட முடியல."

"அப்ப தலைய மூடிட்டுப் போறதுதான?"

சரவணக்குமாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமி மறைத்தான். மருதாசலத்தின் முகம் கறுத்தது. ஆனாலும் குனிந்து, டயருக்கு ஒன்றாக நான்கு எலுமிச்சம்பழத்தையும் வைக்கத் தொடங்கினான். பேச்சு எப்படிப் போனாலும் நல்ல நேரம் போய்விடக் கூடாது அவனுக்கு.

"சரவணா," என்றாள். "நாலு இஞ்சைக் கழட்டு. ரெண்டாக்கிக் குடு. படியை வலப்பக்கம் வையி."

"கழட்டி மாட்டி, வீல் அலைன்மென்ட் பண்ணி... நாளைக்குச் சாயங்காலம் ஆயிருமுங்க்கா. வெல்டு வெக்கோணும்னா மொதல்ல பேட்டரிக் கனெக்சனைப் பிரிக்கோணும். ஹைப்ரிட்டுங்க, அவசரப்பட முடியாது."

அவளுடைய போன் அடித்தது. மலையடிவாரத்திலிருந்து ரிக்கு ஆப்பரேட்டர். பிட்டு சுத்தமாக மழுங்கிவிட்டது, ரிக்கை நிறுத்தி உட்கார்ந்திருக்கிறோம், தோட்டக்காரர் வேறு ரிக்கைக் கூப்பிடவா என்று கேட்கிறார் என்றான். தீட்டிய பிட்டு இரண்டையும் தீட்டுகிற கடைக்காரன் காலையிலேயே கொண்டுவந்து பிக்கப்பின் பின்னால் ஏற்றியிருந்தான். "சாயங்காலத்துக்குள்ள வாரேன்னு சொல்லு," என்று வைத்தாள்.

மருதாசலத்துக்கு அது காதில் விழுந்தது. குரலைத் தணித்துக்கொண்டான். "பாத்தீங்களா? இன்னைக்குப் போய்த்தான் ஆகோணும். உங்களால ஏற முடியாது. வேலுசாமி ஓட்டட்டும். கொஞ்ச நாளைக்குத்தானுங்க. பொறகு உங்க இஷ்டப்படி எறக்கிக்கலாம்."

கொஞ்ச நாளைக்கு.

சுவாமிநாதனுக்கு ஒரு புல்லட் இருந்தது. அவன் போன பதினாறாம் நாள், கொஞ்ச நாளைக்கு என்று சொல்லித்தான் மருதாசலம் அதை எடுத்துப்போனான். ஐந்து வருடமாக அவன் வாசலில் நிற்கிறது. போன தீபாவளிக்குப் பெயிண்ட்கூட மாற்றிவிட்டான். இப்போது அவள் கேட்டால் ஊரே அவளைத்தான் கல்நெஞ்சுக்காரி என்று சொல்லும்.

இன்றைக்கு இடப்பக்கம் உட்கார்ந்தால் அப்புறம் எந்தக் காலத்திலும் வலப்பக்கம் கிடையாது. அது அவளுக்குப் பட்டப்பகல்போலத் தெரிந்தது. வண்டி எங்கே போகும், எப்போது நிற்கும், ரிக்குக்கு யார் என்ன சொல்வது எல்லாம் முதலில் வேலுசாமியிடம் போகும், அவரிடமிருந்து மருதாசலத்திடம் போகும், அங்கேயே நின்றுவிடும். இவர்கள் பூட்டு எதுவும் போடவில்லை. அவள் வண்டியைத் தூக்கி அவளுக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். அதற்கு அவளே காசும் கொடுத்திருக்கிறாள்.

கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் அதையும் சொல்லிச் சிரிப்பார்கள்.

இடப்பக்கக் கதவுக்குப் போனாள். சேலையைத் தூக்கிச் செருகினாள். புதுப் படியில் கால் வைத்தாள். உறுதியான படிதான், அசையவில்லை. கைப்பிடியைப் பற்றி ஏறி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

"அதுதானுங்க நங்கையா!" மருதாசலத்தின் முகம் மலர்ந்தது. "வேலுசாமி, போப்பா, ஏறு."

வேலுசாமி அந்தப் பக்கம் சுற்றிப் போவதற்குள் வசந்தாமணி கைநீட்டிக் கதவுகளைப் பூட்டியிருந்தாள். இரண்டு சீட்டுக்கும் நடுவில் கியர் மேடை. ஒரு காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டாள். சேலை மாட்டியது, பிடித்து இழுத்ததில் எங்கோ கிழிந்தது. முழங்கை கண்ணாடியில் இடித்தது. கெட்ட வார்த்தை ஒன்றை முழுசாகச் சொல்லிவிட்டு, துண்டை உருவிக் காலடியில் போட்டு, வலப்பக்கச் சீட்டில் உட்கார்ந்தாள். கால் பிரேக்கைத் தொட்டது. எப்போதும்போலவே தொட்டது. ஏறுவதற்குத்தான் இத்தனை பாடு.

வேலுசாமி கதவை இழுத்துப் பார்த்தார். கண்ணாடியைத் தட்டினார். "சாவி உள்ளயே இருக்குதுங்களா?" என்று கீழேயிருந்து அவர் கேட்பது மெல்லக் கேட்டது.

அவள் பட்டனை அழுத்தினாள். பேட்டரியில் வண்டி உயிர்த்தது. ஒரு சத்தமும் இல்லை.

வண்டி கிளம்பவில்லை என்றுதான் மூன்று பேரும் நினைத்தார்கள். மருதாசலம் முன் டயருக்குப் பக்கத்தில் நின்றபடி சரவணக்குமாரிடம், "பொம்பளைங்க கோவம், ஒரு டீ குடிச்சா எறங்கீரும். உள்ளயே கொஞ்ச நேரம் உக்காரட்டும்," என்றான்.

பட்டென்று ஒரு எலுமிச்சம்பழம் வெடித்தது. அடுத்தது அவன் காலருகே வெடித்து, சலவை வேட்டியில் முழங்கால்வரை சாறு அடித்தது. அப்போதுதான் துள்ளி விலகினான்.

பட்டறை வாசலில் வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினாள். துண்டை உதறி, மடித்து, வேலுசாமியிடம் நீட்டினாள். "உங்க மேல ஒண்ணும் இல்லீங்கண்ணா. ரிக்கோட பைப்பு ஏத்திப் போற சப்போர்ட் லாரிக்கு ஆள் வேணும். வாரதுன்னா என்னைக் கேளுங்க, என்னை மட்டும் கேளுங்க." பிறகு சரவணக்குமாரைப் பார்த்தாள். "திங்கக்கெழம வாரேன். ரெண்டு இஞ்ச். படி வலப்பக்கம். இடப்பக்கத்துப் படியக் கழட்டி என்ற கொழுந்தனுக்குக் குடு. என்ற ஊட்டுக்காரரு புல்லட்டுல மாட்டிக்கட்டும்."

மருதாசலம் என்னவோ சொன்னான். கண்ணாடி ஏறிவிட்டது.

சேலம் சாலையின் முதல் வளைவில் வண்டி வைக்கோல் பாரம் ஏற்றியதுபோல ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. புது டயர் தார் ரோட்டில் வண்டுபோல ரீங்கரித்தது. ஆசையாசையாய் வாங்கிய அமைதியையும் கெடுத்துவிட்டார்கள். "நாலு இஞ்சாமா, நாலு இஞ்ச்!" என்று ஸ்டீயரிங்கில் அடித்தாள். அடித்துவிட்டு வேகத்தைக் குறைத்தாள். பின்னால் பிட்டு இருக்கிறது, பத்திரமாகப் போய்ச்சேர வேண்டும். மலையடிவாரத்தில் ரிக்கு ஆட்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, இடப்பக்கமாகத் தவழ்ந்து போய்த்தான் இறங்க வேண்டும் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தணிந்துகொண்டிருந்த கோபம் மறுபடி முதலிலிருந்து ஏறியது.