சோளக்கட்டைப் பைப்பும் தங்கச்சியின் காப்பியும்

ஐம்பத்தொரு வயதில் புதிதாக ஒரு கெட்ட பழக்கத்தைக் கற்றுக்கொள்ளக் கிளம்பியவன் நான். அதற்கு முன்னால் பீடி, சிகரெட், வெற்றிலை எதையும் தொட்டதில்லை. ஒழுக்கத்தால் அல்ல, பிழைப்புக்காக. ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருக்கிறேன். ஆள் கணக்கு எழுதுவது போக, காப்பியை ருசி பார்த்துத் தரம் சொல்வதும் என் வேலை. கொட்டையை லேசாக வறுத்து, இடித்து, கொதிநீர் ஊற்றி, ஸ்பூனால் சர்ரென்று உறிஞ்சிப் பார்க்க வேண்டும். புகைக்கிற நாக்கு அதற்கு ஆகாது என்று சேர்ந்த அன்றைக்கே சொல்லிவிட்டார்கள்.

இரண்டு வருடம் முன்பு எஸ்டேட்டில் மாதிரிகளைப் பெங்களூருக்கு அனுப்பிப் பரிசோதிக்க ஆரம்பித்தார்கள். என் நாக்கைச் சீந்த ஆளில்லை. வெளியே சிரித்துக்கொண்டேன், உள்ளே பொறுக்கவில்லை. என்னை நம்பி மிச்சமிருந்தது ஒரே ஆள், கரடியூரில் இருக்கிற என் தங்கை. புருஷன் தவறிப்போன பிறகு ஒன்றரை ஏக்கர் காப்பியை ஒற்றை ஆளாகப் பார்க்கிறாள். வருடா வருடம் பழத்தைப் பறித்த கையோடு யாவாரியிடம் கொட்டிவிட்டு, அவர் கொடுத்ததை வாங்கிக்கொள்வாள். இந்த முறைதான் துணிந்து, பழுத்ததை மட்டும் பொறுக்கி, பாதியைத் தோல் நீக்கிக் கழுவியும் பாதியைப் பழமாகவும் காய வைத்திருந்தாள். பெங்களூரில் காப்பிக்கடை வைத்திருப்பவர் ஒருவர், "ரெண்டுல எது நல்லதோ அதை மட்டும் அனுப்புங்க, பிடிச்சா மொத்தமும் எடுத்துக்கறேன்" என்று சொல்லியிருந்தார். எது நல்லது என்று சொல்ல வேண்டியது நான். காய்ந்து முடிய இன்னும் நாள் இருக்கிறது என்று நினைத்து, அதை மறந்தேபோனேன்.

அந்தச் சமயத்தில்தான் எஸ்டேட் பங்களாவில் தங்க வந்த பெரியவர் ஒருவர் படிக்கட்டில் உட்கார்ந்து பைப் பிடித்தார். உலர்ந்த திராட்சையை நெய்யில் வதக்கின மாதிரி ஒரு வாசம். வெட்கத்தை விட்டுக் கேட்டேன். மனிதர் சந்தோஷமாகத் தன் பைப்பைக் கழற்றியே காட்டிவிட்டார். முதல் பைப்புக்கு அதிகம் செலவழிக்காதே என்றார். புகை வரும் துளை, புகையிலை நிரப்பும் கிண்ணத்தின் அடியில் சரியாகத் திறக்க வேண்டும், கிண்ணத்துக்குள் வார்னிஷ் பூசியிருக்கக் கூடாது, பல்லில் கடித்தால் தாடை வலிக்காத எடையாக இருக்க வேண்டும். இவ்வளவும் பார்த்தால் போதும் என்றார்.

ஆசை அறுபது நாள், மோகம் முப்பது நாள் என்பார்கள். எனக்கு அறுபது நாள் பொறுமை இல்லை. மறுநாளே ஏரிக்கரைக் கடைக்குப் போனேன். சிங்க முகம் செதுக்கிய பைப், முந்நூற்றைம்பது ரூபாய். பளபளவென்று இருந்தது. கடைக்காரரிடம் விளக்குமாற்று ஈர்க்கு ஒன்று கேட்டு வாங்கித் துளைக்குள் விட்டேன். பாதியில் முட்டிக்கொண்டு நின்றது.

"ஏனுங்க, அது அலமாரியில வெச்சு அழகு பாக்கறதுங்க" என்றார் கடைக்காரர். "அதப் போயி யாராச்சும் புடிப்பாங்களா?"

பஸ் ஏறிச் சேலம் போனேன். விசாரித்து விசாரித்து, பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையைக் கண்டுபிடித்தேன். கடைக்காரர் மூன்று பைப்புகளை எடுத்து வைத்தார். முதலாவது வெளிநாட்டு வேர்க்கட்டையில் செய்தது. விலையைக் கேட்டதும் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தேன். இரண்டாவது ஏதோ பழமரக் கட்டை. அழகாகத்தான் இருந்தது, ஆனால் பல்லில் வைத்தால் கீழே இழுத்தது. மூன்றாவதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். மக்காச்சோள முத்தை உதிர்த்த பிறகு மிஞ்சுமே ஒரு கட்டை, அதைக் குடைந்து செய்த பைப். எங்கள் மலையில் அதை அடுப்பில் போடுவோம்.

"சிரிக்காதீங்க" என்றார் அவர். "கத்துக்கறவங்களுக்கு இதுதாங்க லாயக்கு. எடை கெடையாது, துளை நேரா இருக்குது, புதுசப் புடிச்சுப் பழக்கற வேலையும் இல்லீங்க. கருகிப்போனாக்கூட மனசு வலிக்காது."

ஈர்க்கு சிக்காமல் போனது. பல்லில் வைத்தேன், இருப்பதே தெரியவில்லை. கையில் இருந்த காசுக்கும் அதுதான் கட்டுபடியானது. பைப்பும் ஒரு பாக்கெட் புகையிலையும் வாங்கிக் காய்கறிப் பைக்கு அடியில் ஒளித்துக் கொண்டுவந்தேன். என் வீட்டுக்காரியின் கண்ணுக்குத் தப்புமா?

"சோளக்கட்டையில பொகை வேணும்னா அடுப்புல வெச்சு ஊதுங்க" என்றாள். "வெந்நியாச்சும் காயும்."

வீட்டில் வைத்துப் பாக்கெட்டைப் பிரித்தால், புகையிலை ஈரம். விரலில் ஒட்டியது. எனக்குப் பகீரென்றது. காப்பிக்காரனுக்கு ஈரம் என்றாலே நடுக்கம். ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூசணம் பிடிக்கும், வருட உழைப்பு மொத்தமும் குப்பைக்குப் போகும். கொட்டையைப் பல்லில் கடித்து, டக்கென்று உடைந்தால்தான் எங்களுக்குத் தூக்கம் வரும். சேலத்துக்காரர் ஈரச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டார் என்று அவரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே, காப்பி காய வைக்கும் களத்தின் ஓரத்தில் புகையிலையைப் பரப்பினேன். இரண்டு நாள் வெயிலில், கிளறிக் கிளறி, கையில் எடுத்தால் சருகாக நொறுங்கும்வரை காய வைத்தேன். மகா பக்குவம் என்று பெருமை வேறு.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து, மத்தியானம் களத்து மதிலில் உட்கார்ந்து பற்ற வைத்தேன். வைக்கோல்போரில் தீ வைத்த மாதிரி பற்றிக்கொண்டது. அணைந்துவிடுமோ என்று இழுத்துக்கொண்டே இருந்தேன். திராட்சை வாசம் வரவில்லை, சூடுதான் வந்தது. பழகினால் சரியாகும் என்று இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை நிரப்பினேன். சாயங்காலம் நாக்கு வெந்து தடித்துப்போயிற்று. ரசம்கூட இறங்கவில்லை. வீட்டுக்காரி, "என்னாச்சுங்க?" என்றாள். திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல், "ஒண்ணுமில்ல" என்று முணுமுணுத்தேன்.

அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் தங்கை போன் செய்தாள். "அண்ணா, ரெண்டும் நல்லாக் காஞ்சிருச்சுங்க. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள பார்சல் போயாகணும். வெடியால வந்துருங்கண்ணா."

நாக்கு வெந்திருக்கிறது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஊரே ஒதுக்கிய நாக்கு, இவள் ஒருத்திக்காவது வேண்டியிருக்கிறதே என்கிற வீறாப்பு. விடிந்தால் சரியாகிவிடும் என்று தேனைத் தடவிக்கொண்டு படுத்தேன்.

சரியாகவில்லை. கரடியூரில் அவள் வீட்டு அடுக்களையில், இரும்புச் சட்டியில் இரண்டையும் தனித்தனியாக வறுத்து, இடித்து, கொதிநீர் விட்டு, இரண்டு டம்ளரில் ஊற்றி வைத்திருந்தாள். அவள் விரல்களைப் பார்த்தேன். பழம் பொறுக்கிப் பொறுக்கி நகக்கண்ணெல்லாம் கறுத்திருந்தது. இடது டம்ளரை உறிஞ்சினேன், பித்தளைச் சொம்பை நக்கின மாதிரி இருந்தது. வலதும் அப்படியே. மறுபடி இடது, மறுபடி வலது. அவள் மூச்சு விடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுதான்" என்று வலது டம்ளரைக் காட்டினேன். பழமாகக் காய வைத்தது அது.

"சரிங்கண்ணா." ஒரு கேள்வி கேட்கவில்லை. பையை எடுத்தாள், படியால் அளந்து போட ஆரம்பித்தாள். ஒரு படி விழுந்தது, இரண்டாம் படி விழுந்தது. அந்தச் சத்தம் எனக்குத் தாங்கவில்லை.

"நிறுத்து கண்ணு" என்றேன். "எனக்கு ருசியே தெரியல. நாக்கு வெந்துபோச்சு. சும்மா சொன்னேன்."

பைப், புகையிலை, களம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பாள் என்று ஒரு நப்பாசை. அவள் படியைக் கீழே வைத்தாள்.

"அஞ்சு மாசம் குனிஞ்சு நிமிந்திருக்கறனுங்க" என்றாள். குரல் உயரவே இல்லை. "தெரியலைன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாமில்லீங்களா?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பது என்னைப் பார்த்துத்தான் சொன்னது.

பார்சல் போக இரண்டு மணி நேரம்தான் இருந்தது. வேறு யாரையும் கூப்பிட முடியாது. "நீயே குடிச்சுப் பாரு" என்றேன். அவள் என்னை முறைத்தாள். விவசாயி தன் காப்பியைக் குடிக்கிற வழக்கம் எங்கள் மலையில் இல்லை. நல்ல கொட்டையெல்லாம் விற்பதற்கு. வீட்டுக்கு ஒண்டிக்கடை சந்திப்பில் வாங்கிய சிக்கரித் தூள்தான். இருபது வருடம் காப்பி விளைவித்தவள், அதன் ருசியை அதுவரை அறிந்ததில்லை.

முதல் ஸ்பூனைச் சேலையில் சிந்தினாள். இரண்டாவது புரையேறியது. மூன்றாவதுக்குக் கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு டம்ளருக்கும் மாறி மாறிப் போனாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன், அதற்கு மட்டும்தான் எனக்கு அன்றைக்கு யோக்கியதை.

"இது" என்று வலதைத் தள்ளினாள், "கொய்யாப்பழம் அழுகறதுக்கு மொத நாளு ஒரு வாசம் வருமில்லீங்க, அதாட்டம் இருக்குது." இடதைக் கையில் எடுத்தாள். "இது நார்த்தங்காயத் தோலோட கடிச்சாப்பல. அப்பறம் அடித்தொண்டையில வெல்லமுங்க. நொம்ப நேரம் நிக்குது."

நான் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. எனக்கு "நன்று, சுமார், கழிவு" அவ்வளவுதான் வரும். பையில் இருந்ததைக் கவிழ்த்துவிட்டு, கழுவிக் காய வைத்ததை அளந்து போட்டாள். பார்சல் போனது. மூன்றாம் வாரம் பெங்களூர்க்காரர் கழுவினது மொத்தத்தையும் எடுத்துக்கொண்டார். மற்றது வழக்கம்போல யாவாரிக்குப் போனது.

சேலம் கடைக்காரரிடம் அடுத்த முறை நடந்ததைச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார். புகையிலையைத் தொட்டால் லேசாக ஈரம் தெரிய வேண்டுமாம். அணைந்தால் அணையட்டும் என்று நிதானமாக இழுக்க வேண்டுமாம். அப்படிச் செய்தபோது அந்தத் திராட்சை வாசம் கொஞ்சம் வந்தது.

மறு வருடம் அறுவடை தொடங்கியதும் பைப்பைத் தொடவில்லை. காரம்கூடக் குறைத்துக்கொண்டேன். தங்கையின் போனுக்குக் காத்திருந்தேன். தை முடிந்தும் வரவில்லை. நானே கூப்பிட்டேன்.

"அனுப்பிப் பத்து நாளாச்சுங்கண்ணா" என்றாள். "நானே பாத்துட்டேன். ஞாயித்துக்கெழம சாப்புட வாங்க. ஊட்டுக்குன்னு ரெண்டு படி எடுத்து வெச்சிருக்கேன்."

அவளுக்காகச் சந்தோஷப்பட்டேன், அது நிஜம். போனை வைத்த பிறகு களத்து மதிலில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன், அதுவும் நிஜம்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். சாப்பாட்டுக்குப் பிறகு டம்ளர் நிறையக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். குடித்தேன். நன்றாக இருந்தது. எப்படி இருக்கிறது என்று அவள் என்னைக் கேட்கவே இல்லை.