மாலை போடாத படம்

என் பையில் எப்போதும் ஒரு ரசமட்டம் இருக்கும். கையடக்கமான மஞ்சள் கட்டை. நடுவில் கண்ணாடிக் குழாய், அதற்குள் பச்சைத் தண்ணீர், தண்ணீருக்குள் ஒரு குமிழ். சுவரில் படம் மாட்டியதும் சட்டத்தின் மேல் அதை வைப்பேன். குமிழ் இரண்டு கோடுகளுக்கு நடுவே வந்து நின்றால் படம் நேராக இருக்கிறது என்று அர்த்தம். நின்ற பிறகும் எனக்கு நம்பிக்கை வராது. ஏணியிலிருந்து இறங்கி, தள்ளி நின்று பார்த்துவிட்டு, திரும்ப ஏறி இன்னொரு தடவை வைத்துப் பார்ப்பேன். மயிலாப்பூரில் நான் வேலை பார்க்கும் கேலரியில் இதற்காக என்னைக் கேலி செய்யாத ஆள் கிடையாது. என்ன செய்வது, சுபாவம் அப்படி. ஆணி தாங்குமா, மொட்டை மாடித் தண்ணீர் சுவருக்குள் இறங்குமா, பார்க்க வந்தவரின் தோள்பை உரசிப் படம் கீறிவிடுமா என்று ஏதாவது ஒன்று மனத்துக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். இத்தனை வருஷத்தில் எத்தனையோ படங்களை மாட்டிக் கழற்றியாகிவிட்டது. ஆனால் ரசமட்டத்தைக் கையில் எடுத்தால் நினைவுக்கு வருவது இஸ்திரிக்காரம்மாவின் படம்தான். அதை மட்டும் நான் இரண்டு முறை மாட்டினேன்.

ஒன்பதாவது வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். அப்புறம் மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் ஒரு சந்தில், படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் சேர்ந்தேன். சாமி படம், கல்யாணப் படம், இறந்தவர் படம், எல்லாம் வரும். யார் படத்தை நீட்டினாலும் முதலாளி கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: “இருக்கறவங்களா, இல்லாதவங்களா?” இருக்கிறவர் என்றால் பின்னால் ஒரு வளையம் போதும். இல்லாதவர் என்றால் மாலை தாங்க இரண்டு பக்கமும் கொக்கி வேண்டும், உச்சியில் சின்ன சிவப்பு பல்பு வைக்க இடம் வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்கும்போது வந்தவர் முகத்தைப் பார்க்கக் கூடாது என்பதும் தொழிலில் ஒரு பகுதி. பிறகு நான் கேலரிக்கு வந்தேன். இங்கே யாரும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. ஆரம்பத்தில் எனக்கு அது விசித்திரமாக இருந்தது. ஒரு முகத்தைச் சுவரில் ஏற்றுகிறார்கள், அவர் இருக்கிறாரா இல்லையா என்று தெரிந்துகொள்ளாமலே ஏற்றுகிறார்களே என்று.

கேலரியை நடத்துவது ஒரு அறக்கட்டளை. வியாபாரம் கிடையாது, டிக்கெட் கிடையாது, யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். ஆனால் தெருக்காரர்கள் வரமாட்டார்கள். செருப்பைக் கழற்ற வேண்டுமா வேண்டாமா என்பதே அவர்களுக்குப் பிடிபடாது. வாசல் வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். பொறுப்பில் இருந்த மேடத்துக்கு அது பெரிய குறை. சனிக்கிழமைகளில் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவந்து படம் வரைய வைத்தார். கால்வாய் ஓரத்துப் பெண்களை அழைத்துப் பழைய துணியில் தையல் வேலை செய்யவைத்து அதையும் மாட்டினார். பிள்ளைகளும் பெண்களும் வந்தார்கள், வேலை முடிந்ததும் போனார்கள். கடைசியில் புகைப்படம் எடுக்கும் பெண் ஒருத்தியைத் தெருவிலேயே சில வாரம் நடமாடவிட்டார். எங்கள் தெருவில் வேலை செய்கிறவர்களின் முகங்களை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி மாட்டுவது என்று திட்டம். தன் முகம் உள்ளே இருந்தால் பார்க்க வந்துதானே ஆகவேண்டும் என்பது மேடத்தின் கணக்கு.

இஸ்திரிக்காரம்மாவின் வண்டி கேலரிக்கு எதிரே, புங்க மரத்தடியில் நிற்கும். கால்வாய் ஓரம் வீடு. கணவர் எப்போதோ போய்விட்டார். மகன் ஆட்டோ ஓட்டினார். காலையில் கரி போட்டுப் பெட்டியைச் சூடேற்றும்போதே வாயில் வெற்றிலை ஏறிவிடும். போகிற வருகிறவர் ஒருவரையும் சும்மா விடமாட்டார். நான் ஒரு நாள் மழை வருமோ என்று வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “இந்த நைனாவ வண்டி மேல ஏத்தி ஒரு தபா இஸ்திரி போட்டாத்தான் சரியாவும். மூஞ்சி பூரா சுருக்கம்” என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். புகைப்படக்காரப் பெண் அந்த நொடியைப் பிடித்துவிட்டாள். கையில் பெட்டி, சிவந்த பல்வரிசை, இடுங்கிய கண். படத்தில் இந்த அம்மா யாரைப் பார்த்து இப்படிச் சிரிக்கிறார் என்று பின்னால் பலர் கேட்டார்கள். என்னைப் பார்த்துத்தான்.

அவர் மகன் படத்தை மாட்ட வேண்டாம் என்றார். காரணம் இருந்தது. இஸ்திரிக்காரம்மாவுக்கு நெஞ்சில் அடைப்பு. பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு நாள் கொடுத்திருந்தார்கள். கண்காட்சி தொடங்கி ஓரிரு வாரத்தில் அங்கே சேர வேண்டும். அந்த நேரத்தில் ஆத்தாளின் முகத்தைச் சுவரில் மாட்டுவதா, எல்லாம் முடிந்து நல்லபடியாகத் திரும்பி வரட்டும், அப்புறம் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள் என்று மேடத்திடம் வந்து சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அவர் பேச்சில் நியாயம் தெரிந்தது. சட்டக் கடையில் வளர்ந்தவனுக்கு வேறு எப்படித் தெரியும்?

ஆனால் இஸ்திரிக்காரம்மா விடவில்லை. அவர் கணவர் இறந்தபோது மாட்டுவதற்கு ஒரு படம் இல்லையாம். ஓட்டு அட்டையில் இருந்த முகத்தைப் பெரிதாக்கச் சொல்லி ஸ்டூடியோவில் கொடுத்தார்களாம். மூக்கும் வாயும் கரைந்து, புகை மாதிரி ஏதோ வந்ததாம். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்கள். இதை அவர் என்னிடம் சொன்னது ஒரு மத்தியானம், யாருடைய வேட்டிக்கோ தண்ணீர் தெளித்தபடி. “ஆளு கொரலு இன்னும் காதுல கீது நைனா. மூஞ்சி போயிட்ச்சு. எவ்ளோ நெனச்சாலும் வரல. என் பேத்திக்கு அப்டி ஆவக்கூடாது. கத்தி வைக்கறதுக்கு மின்னாடி என் மூஞ்சிய நான் ஒரு தபா பெருசா பாத்துடறேன்.” கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் சொன்னார்: “ஆனா அது இருக்கறவ படம். பூ கீ போட்டுடாதீங்க.” நான் அதை மேடத்திடம் சொன்னேன். மேடம் பூக்காரரை அழைத்து, எந்தப் படத்தின் மேலும் ஒரு இதழ்கூட இருக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதன்படியே நடந்தது. படத்தின் மேல் பூவே இல்லை.

எல்லாரும் மறந்தது குத்துவிளக்கை. எங்கள் கேலரியில் எந்தக் கண்காட்சி தொடங்கினாலும் விளக்குக்கு ஒரே இடம்தான்: வாசலுக்கு நேர் எதிரே இருக்கும் பெரிய சுவரின் அடியில். யாரும் யோசித்து வைப்பதில்லை. கை தானாகக் கொண்டுபோய் வைத்துவிடும். அதுவரை அந்தச் சுவரில் வண்ணங்களும் கோடுகளுமாக என்னென்னவோ தொங்கியிருக்கின்றன. அதனால் ஒன்றும் தெரியவில்லை. இந்த முறை தொங்கியது இஸ்திரிக்காரம்மா. நான் பின்கட்டில் நின்றுபோன மின்விசிறியோடு மல்லாடிக்கொண்டிருந்தேன். முன்னறைக்கு வந்தபோது விளக்கு ஏற்றியாகிவிட்டது. கைதட்டலும் அடங்கியிருந்தது. லஸ் முனையில் நெரிசலாம், இஸ்திரிக்காரம்மா குடும்பத்தோடு அப்போதுதான் உள்ளே வந்தார். புதுப் புடவை, ஒரு பக்கம் மகன், மறுபக்கம் பேத்தியைத் தூக்கிக்கொண்டு மருமகள்.

அவர்கள் கண்ணால் நானும் பார்த்தேன். சுவரில் அவர் முகம். மோவாய்க்கு நேர் கீழே சுடர். விளக்கைச் சுற்றி ரோஜா இதழ், தண்டில் ஒரு சரம் மல்லிகை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டிச் சத்தமில்லாமல் நிற்கும் கூட்டம். காரியத்துக்கு வந்தவர்கள் நிற்பதும் இப்படித்தான்.

மகன் சத்தம் போடவில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. “இன்னா மேடம் இது? எங்கம்மா உசுரோட கீது. கய்ட்டுங்க” என்றார். மேடத்துக்கு அப்போதுதான் புரிந்தது. எப்போதும் விளக்கு வைக்கிற இடம் இது என்றார். படத்தைக் கழற்றலாம் என்றால் முன்னால் தீ. விளக்கை அணைக்கலாம் என்றால், ஆபரேஷனுக்குப் போகப்போகிறவர் முகத்துக்கு நேரே எரிகிற விளக்கை எந்தக் கை அணைக்கும்? அந்தக் கூட்டத்தில் படித்தவர்கள், வெளிநாடு போய் வந்தவர்கள் எல்லாம் இருந்தார்கள். ஒருவரும் கையை நீட்டவில்லை.

இஸ்திரிக்காரம்மா மட்டும் படத்தை நோக்கி நடந்தார். விளக்குக்கு முன்னால் நின்று தன் முகத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு குனிந்து, தண்டில் சுற்றியிருந்த மல்லிகைச் சரத்தை அவிழ்த்து, தன் கொண்டையில் வைத்துக்கொண்டார். கணவர் போன பிறகு அவர் தலையில் பூவைத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. மகன் “யம்மா” என்றார். அவர் திரும்பி எங்கள் எல்லாருக்குமாகச் சொன்னார்: “பூவ ஆளுக்கு வைங்க. படத்துக்கு இன்னாத்துக்கு?”

யாரோ சிரித்தார்கள். அப்புறம் அவர் என்னைத் தேடிப் பிடித்து, “அமத்தாத நைனா. எரியட்டும். அப்டியே தூக்கி அந்தாண்ட வை” என்றார். மகனையும் ஒரு கை பிடிக்கச் சொன்னார். எரியும் குத்துவிளக்கை எரிந்தபடியே தூக்குவது சின்ன வேலை இல்லை. நான் அடியைப் பிடித்தேன், மகன் தண்டைப் பிடித்தார். என் கண் முழுக்க எண்ணெயின் மேல்தான். அது ஒரு பக்கம் சாயத் தொடங்கினால் நான் நிற்பேன். நான் நின்றால் அவரும் நிற்பார். ரசமட்டத்தின் குமிழைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தபடி நகர்ந்தேன். வாசல் பக்கம், ஓர் ஓரமாக இறக்கி வைத்தோம். ஒரு சொட்டு சிந்தவில்லை, ஒரு திரி அணையவில்லை. இஸ்திரிக்காரம்மா விளக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எட்ட இருந்த தன் படத்தைப் பார்த்து, “நல்லாத்தான் கீறேன்” என்றார். அதற்கப்புறம் மகன் படத்தைக் கழற்றச் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து இஸ்திரிக்காரம்மா தன் வண்டியை மரத்தடியிலிருந்து கேலரி வாசலுக்கு நேராக நகர்த்திவிட்டார். படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர் அவரையும் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். “உள்ள கீறது நெழலு, நெசம் இங்க கீது” என்பார். அவரோடு பேசிக்கொண்டே தெருக்காரர்களும் உள்ளே வந்தார்கள், செருப்போடு சிலர், செருப்பில்லாமல் சிலர். ஆஸ்பத்திரியில் சேர்கிற நாள் வரை அப்படி நின்றார். ஆபரேஷன் அன்று நான் எதிரே காலியாக இருந்த இடத்தைப் பார்ப்பதும் உள்ளே வந்து படம் நேராக இருக்கிறதா என்று பார்ப்பதுமாக இருந்தேன். விளக்கு அந்த இடத்தில் கொஞ்ச நேரம் எரிந்துவிட்டதே என்பது எனக்குள் கிடந்தது. ஒன்றும் ஆகவில்லை. சில மாதம் கழித்து இளைத்த உடம்போடு வந்து மறுபடி கரியைப் பற்றவைத்தார். என் மூஞ்சிச் சுருக்கம் இன்னும் போகவில்லை என்றார்.

கண்காட்சி முடிந்ததும் மேடம் படத்தை அவருக்கே கொடுத்தார். கால்வாய் ஓர வீட்டில் அதை மாட்டச் சுவர் இல்லை. போர்வையில் சுற்றி பீரோவுக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். பிறகு அந்த வரிசை வீடுகள் எடுபட்டு, ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் இடம் கிடைத்தது. அங்கேயும் போர்வைக்குள்ளேயே இருந்தது. அதை மாட்ட மகனுக்குத்தான் மனசு வரவில்லை. இஸ்திரிக்காரம்மா கொஞ்ச காலம் பஸ் ஏறி வந்து போனார், அப்புறம் முடியவில்லை என்று நிறுத்திவிட்டார். புங்க மரத்தடியில் இப்போது இருசக்கர வண்டிகள் நிற்கின்றன. கேலரியில் குத்துவிளக்கு இன்றைக்கும் வாசல் ஓரத்தில்தான் வைக்கப்படுகிறது. மேடம் வேலையை விட்டுப் போய்விட்டார், வேறொருவர் வந்திருக்கிறார். ஏன் விளக்கு நடுவில் இல்லாமல் மூலையில் இருக்கிறது என்று புதிதாக வந்தவர்கள் கேட்பதில்லை. அவர்கள் கையும் தானாக அங்கேயே கொண்டுபோய் வைக்கிறது.

போன ஐப்பசியில் இஸ்திரிக்காரம்மா தூக்கத்திலேயே போய்விட்டார். சடங்குகள் முடிந்து சில வாரம் கழித்து மகன் போன் செய்தார். “அண்ணே, உன் ரசமட்டத்த எடுத்துக்கினு ஒரு நட வர்றியா?” என்றார்.

அந்த வீட்டின் கூடத்தில் ஏற்கெனவே ஒரு படம் தொங்கியது. ஆதார் அட்டை முகத்தைப் பெரிதாக்கியது. சிரிப்பில்லை, வெற்றிலை இல்லை, கேமராவைக் கண்டு மிரண்ட ஒரு பெண். இரண்டு பக்கமும் கொக்கி, மாலை, மேலே சிவப்பு பல்பு. எங்கள் பழைய முதலாளி பார்த்திருந்தால் குறை சொல்லமாட்டார். எதற்கு இன்னொன்று என்று நான் கேட்கவில்லை, மகனே சொன்னார். காரியத்துக்கு இந்தப் படம், அந்தப் படத்தை அடுப்புக்கு எதிரே மாட்டு, அதற்கு மாலை போடக் கூடாது என்று ஆத்தா சொல்லிவிட்டுப் போயிருக்கிறாளாம்.

போர்வையைப் பிரித்தோம். சட்டத்தில் ஒரு மூலை லேசாக விட்டிருந்தது, சரி செய்தேன். புதுச் சுவருக்குள் எங்கே மின்கம்பி ஓடுகிறதோ என்று தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு ஆணி அடித்தேன். படத்தைத் தூக்கி மாட்டி, ரசமட்டத்தை வைத்தேன். குமிழ் நடுவுக்கு வந்தது. கூடத்தில் மருமகள் பழைய மாலையை எடுத்துவிட்டுப் புதுச் சரத்தை ஆதார் படத்துக்குப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு முழம் மிஞ்சியது. அதைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தவர் சிரிக்கும் மாமியாரின் எதிரே சற்று நின்றார். மகன் அவரையே பார்த்தார். அவர் சரத்தை இரண்டாக மடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு, அடுப்பில் பாலை ஏற்றினார்.

நான் இறங்கிவிட்டேன். பிறகு திரும்ப ஏறி, ரசமட்டத்தை இன்னொரு தடவை வைத்துப் பார்த்தேன்.