நாங்கள், இவ்வூர் மக்கள்

தொண்ணூறுகளின் நடுவில் அஜின்கோர்ட்டில் ஓர் அச்சகத்தில் தமிழ் தட்டும் வேலை எனக்கு. கலியாணக் கார்ட், பெண்பிள்ளை பெரியவளானால் சாமத்தியவீட்டுக் கார்ட், செத்தவீட்டு நோட்டீஸ் என்று எங்கள் சனத்தின் நல்லது கெட்டது எல்லாம் என் விரல்களுக்குள்ளால்தான் போகும். கனடாவுக்கு வந்த புதிது. வெளியே பனி கொட்டும், உள்ளே மெஷின் ஒரே தாளத்தில் ஓடும். நான் முழித்திருக்கிறேனா, இன்னும் பிளேனில்தான் நித்திரையா என்று பாதி நாள் எனக்கே சந்தேகமாக இருக்கும்.

அப்படியொரு நாளில் எங்கள் ஊர்ச் சங்கத்தின் செயலாளர் கடைக்கு வந்தார். நானும் அதே ஊர் என்பது அவருக்குத் தெரியாது. ஹீட்டர் சரியில்லாத கடை அது, எல்லோரும் தலையை மூடிக்கொண்டுதான் இருப்போம். என் தலைச் சால்வையும் குளிருக்கென்றே நினைத்திருப்பார்.

சங்கத்துக்கு யாப்பு, அதாவது சட்டதிட்டம், எழுதிக்கொண்டு வந்திருந்தார். நாலு பேர் கூடினால் சங்கம், சங்கம் என்றால் யாப்பு. அது எங்கள் ஆட்களின் வியாதி. வாஷிங்டனில் இருக்கும் மச்சான் அனுப்பிய சின்னப் புத்தகம் ஒன்றையும் மேசையில் வைத்தார். அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனம், யாப்பு, அதன் திருத்தங்கள், அடிமைகளை விடுவித்த பிரகடனம் எல்லாம் அதற்குள் இருந்தன.

"தங்கச்சி, அமெரிக்கன்ர யாப்பு எப்பிடித் துவங்குது தெரியுமே? 'நாங்கள், மக்கள்' எண்டு. ராசாவைக் கூப்பிடேல்லை, கடவுளைக் கூப்பிடேல்லை. நானும் அப்பிடித்தான் துவங்கியிருக்கிறன்."

'நாங்கள், இவ்வூர் மக்கள்' என்று அழகான கையெழுத்தில் இருந்தது. தட்டிக்கொண்டு போனேன். யார் யார் அங்கத்தவராகலாம் என்ற இடத்தில் ஊரின் குறிச்சிகள் வரிசையாக வந்தன. பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடக்கிற அதே ஒழுங்கு. சந்தையடி, கோயிலடி என்று நான் தட்டத் தட்ட, யன்னலுக்கு வெளியே ஷெப்பர்ட் வீதிப் பனிக்குள் ஒவ்வொரு சந்தியாக எழும்பி வந்தது. ஆறுதலாக நடந்துகொண்டிருந்தேன். கோயிலடிக்கு அடுத்தது ஆஸ்பத்திரியடி என்று இருந்தது. இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய எங்கள் பள்ளிவாசலடியைக் காணவில்லை.

எனக்குக் கோபம் மூக்குநுனியில். வாய்வரை வந்ததை விழுங்கினேன். துவக்கோடு வந்த இயக்கத்தார் முஸ்லிம்களான எங்கள் சோனகச் சனம் முழுவதையும் ஒரே நாளில் ஊரைவிட்டு வெளிக்கிடச் சொல்லிச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. இந்த மனிதர் வேண்டுமென்று விடவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அதற்குள் மறந்துபோயிருக்கிறார். எனக்கு அதுதான் கூட எரிந்தது.

அவர் தேத்தண்ணி வாங்கப் போன நேரம் புத்தகத்தைப் புரட்டினேன். 'நாங்கள், மக்கள்' என்று துவங்கியவர்கள் கொஞ்சம் தள்ளி, சனத்தொகை எண்ணும்போது அடிமைகளில் ஐந்து பேரை மூன்று பேராக எண்ணச் சொல்லியிருந்தார்கள். சிரிப்பு வந்தது. எங்களுக்கு அந்த மூன்றும் இல்லையே. பின்பக்கங்களில் திருத்தங்கள் இருந்தன. அடிமைத்தனம் இனி இல்லை என்று ஒன்று, நிறம் பார்த்து வாக்கை மறுக்கக் கூடாது என்று ஒன்று, பெண்ணென்று மறுக்கக் கூடாது என்று ஒன்று. எல்லாம் ஆடி அசைந்து வந்து சேர்ந்திருந்தன.

வோபர்னில் எங்கள் அப்பார்ட்மென்டுக்குப் போய் வாப்பாவிடம் சொன்னேன். ஊரில் இரும்புக்கடை வைத்திருந்தவர். இங்கே யன்னலோரம் இருந்து பனி பார்ப்பார். என்னைவிடக் கோபப்படுவார் என்றுதான் நினைத்தேன்.

"என்னையும் சேர்ப்பினமோ எண்டு ஒருக்காக் கேட்டுப்பார் மகள்," என்றார்.

கடை போனதற்கும் வீடு போனதற்கும் வாய் திறக்காத மனிதர் அப்படிக் கேட்டதை என்னால் தாங்க முடியவில்லை.

செயலாளர் மறுபடி வந்தபோது, "அண்ணை, பள்ளிவாசலடி விட்டுப்போச்சு," என்றேன்.

என் சால்வையை அப்போதுதான் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆற்ற பிள்ளை நீங்கள்?"

வாப்பாவின் பெயரைச் சொன்னேன்.

"ஐயோ, எங்கட வீட்டு இரும்புக் கேற் அவரிட்ட வாங்கினதெல்லோ. நான் இதைத் திருத்தமாக் கொண்டுவாறன் தங்கச்சி. ஆனா கூட்டம்தான் முடிவெடுக்க வேணும்."

கூட்டம் ஒரு சேர்ச்சின் பேஸ்மென்ட் ஹோலில் நடந்தது. என்னையும் வரச் சொல்லியிருந்தார். புத்தகத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நன்றாகத்தான் பேசினார். பிறகு ஒருவர் எழும்பினார். "உவையும் எங்கட சனம்தான். ஆர் இல்லையெண்டது? ஆனா இப்ப உதைக் கிளப்பினா வில்லங்கம். ஆர் கேட்டுக்கொண்டிருக்கினமோ தெரியாது."

இயக்கத்துக்கு இங்கேயும் காதுகள் இருந்தன; கடித்த வடையைத் தட்டில் வைத்துவிட்டுச் சிலர் கதவுப் பக்கம் பார்த்தார்கள். எல்லாம் தண்ணீருக்கடியில் நடப்பதுபோல் இருந்தது. சேர்க்கலாம் என்பவர்களைக் கையை உயர்த்தச் சொன்னார் தலைவர். என் கை தன்பாட்டில் மேலே போயிற்று.

"தங்கச்சி, நீங்கள் வாக்குப் போடேலாது. நீங்கள் இன்னும் அங்கத்தவர் இல்லை," என்றார் அவர், மிக மரியாதையாக.

கையைக் கீழே கொண்டுவந்து எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பக்கத்தில் இருந்த ஓர் அன்ரி அதைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அவருடைய மற்றக் கை மேலேயே நின்றது. எண்ணி முடித்தார்கள், திருத்தத்துக்கு வேண்டிய அளவு கைகள் காணாது. பல பேர் எந்தப் பக்கமும் கை உயர்த்தவில்லை. அடுத்த பொதுக்கூட்டத்துக்கு ஒத்திவைத்தார்கள்.

யாப்பை அச்சடிக்கத் தரும்போது செயலாளர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அந்த இடத்தில ஒரு வரி விட்டு அடியுங்கோ தங்கச்சி. பிறகு நிரப்புவம்," என்றார். விட்டு அடித்தேன்.

ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோய், நடந்ததைச் சொல்லி, வாப்பாவிடம் கொடுத்தேன். யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, விரல் வைத்து வாசித்தார். நாங்கள், இவ்வூர் மக்கள். சந்தையடி. கோயிலடி. வெறும் வரிக்கு வந்ததும் விரல் நின்றது. வெளியே பனி சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தது.

"பள்ளிவாசலடி," என்று அச்சில் இருப்பதுபோலவே வாசித்துவிட்டு, வாப்பா ஆஸ்பத்திரியடிக்குப் போனார்.