பெண் ஃபைட்டருக்கு ஒரு மூலை

போன ஞாயிறு, பூசை முடிந்து வந்த கையோடு எங்கள் குவார்ட்டர்ஸில் ஒரு பஞ்சாயத்து. யாருக்காக? ஒரு மீனுக்காக.

மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை பார்த்த என் அண்ணன், பைக்கில் போனவன் திரும்பவில்லை என்று இங்கே முன்பே எழுதியிருக்கிறேன். அதற்கு மேல் எழுத இன்னும் வரவில்லை… விடுங்கள்.

அவன் போனபிறகு அண்ணி ஸ்டெல்லா, வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு எங்களோடு வந்துவிட்டார். கையில் இரண்டு பை, ஒரு கண்ணாடி ஜாடி. ஜாடிக்குள் அண்ணன் வாங்கிக் கொடுத்த பெண் ஃபைட்டர் மீன். ஆண் ஃபைட்டர் மாதிரி முந்தானை போல விரிகிற வாலெல்லாம் கிடையாது. சாதாரண நீலம்.

எத்தனை நாள்தான் ஜாடியில் வைப்பது? ஹாலில் அண்ணனுடைய பழைய தொட்டி இருக்கிறது. அதில் அவன் வைத்த கல் வளைவு, ஓரமாய்ச் செடி, கறுப்பு மோலி மீன்களும் சின்னச் சின்ன டெட்ரா மீன்களும்.

"ஃபைட்டராச்சே ஸ்டெல்லா, மத்ததயெல்லாம் கடிச்சி வச்சிடுமே" என்றாள் அம்மா.

"ஆம்பளைங்கதான் அத்தை ஒண்ணயொண்ணு பாத்தாலே அடிச்சிக்கும். இது சாதுவான மீனுங்களோட இருந்துக்கும். அவருதான் சொன்னாரு."

'அவரு' என்று வந்துவிட்டால் அம்மா எதிர்த்துப் பேச மாட்டாள். சனிக்கிழமை விட்டோம்.

கடித்ததா? கடி வாங்கியது. பெரிய மோலி ஒன்று, கல் வளைவு என்னவோ அதற்கு அலாட் ஆன குவார்ட்டர்ஸ் மாதிரி, விரட்டி விரட்டி அடித்தது. ஃபைட்டர் ஃபில்டருக்குப் பின்னால் ஒடுங்கிவிட்டது. உடம்பெல்லாம் வெளிறிய கோடுகள். தீனி போட்டாலும் வரவில்லை.

ஞாயிறு காலை அண்ணி சொன்னார்: "கல்லு, செடியெல்லாம் எடம் மாத்தி வைக்கணும் அத்தை. அப்பதான் எதுக்கும் இது என் எடம்னு இருக்காது. ஒளிஞ்சிக்கவும் மறைவு கெடைக்கும்."

"அது எம்புள்ள கையால வச்ச கல்லு. யாரும் தொடாதீங்க."

அண்ணி மீனை வலையில் பிடித்துத் திரும்ப ஜாடியில் விட்டார். பிறகு பையில் துணியை அடுக்க ஆரம்பித்தார்.

"காடாம்புலியூர்ல அம்மா வூட்டுல கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன் அத்தை."

கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு? எங்களுக்குத் தெரியாதா?

எங்கள் வீட்டில் இரண்டே ரூம். ஒன்று அம்மா, அப்பாவுக்கு. இன்னொன்று கல்யாணத்துக்கு முன் அண்ணன் இருந்தது. அவன் சட்டைகள் ஆணியில் தொங்கியபடி, பூட்டியே கிடந்தது. அண்ணி ஹாலில் என் பக்கத்தில் படுப்பார். அழ வேண்டுமென்றால் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுவார். தண்ணீர் சத்தம் கேட்டதும் அப்பா டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பார்.

நான் பத்தாவதோடு நின்றவள். சுற்றி வளைத்துப் பேச வராது.

"மீனுக்கு மட்டுமாம்மா எடமில்ல? அண்ணிக்கு அழக்கூட பாத்ரூம வுட்டா வேற எடமில்ல."

அப்பா டிவியை அணைத்தார். அம்மா எழுந்து தொட்டியிடம் போனாள். வளையலோடு கையைத் தண்ணீருக்குள் விட்டு, அந்தக் கல் வளைவைத் தூக்கினாள்.

"அடியெல்லாம் பாசி புடிச்சிக் கெடக்கு. அவன் இருந்தா இப்பிடி வுட்டு வச்சிருப்பானா… எங்க வைக்கட்டும், சொல்லு."

"அந்த ஓரமா அத்தை. செடிய நடுவுல வச்சிடலாம்."

எல்லாம் இடம் மாறிய பிறகு ஃபைட்டரை விட்டோம். மோலி தன் வளைவைத் தேடி அலைந்தது. ஃபைட்டர் செடிக்குப் பின்னால் போய் நின்றது. சாயங்காலம் மேலே வந்து தீனி எடுத்தது. இப்போதும் மோலி விரட்டாமல் இல்லை. ஆனால் செடியைத் தாண்டினால் கண்ணில் படுவதில்லை, விட்டுவிடுகிறது.

அன்றைக்கே அம்மா அந்த ரூமைத் திறந்து பெருக்கினாள். சட்டைகளை மடித்து வைத்தாள், ஒன்றைத் தவிர. அது ஆணியிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். அண்ணியின் பை உள்ளே போனது.

சேர்ந்து வாழப் பாசம் இருந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். போதாது போலிருக்கிறது… ஒருத்தர் கண்ணில் படாமல் இருக்க ஒரு மூலையும் வேண்டும்.

இப்போது எங்கள் பாத்ரூமில் குளிக்கும்போது மட்டும்தான் குழாய் ஓடுகிறது.