தேனடைக்கு அலகு குத்திய நாகப்பன்

சாமி சொத்தை எடுத்து தேனீக்குக் கொடுத்துவிட்டான் என்று குழாயடியில் பேசுகிறார்களே, எந்தச் சாமி சொத்து? அந்த முப்பத்திரண்டு காவடிக் கம்பிகளையும் ஈப்போ பட்டறையில் சொல்லிவைத்து, தன் காசில் அடித்து வாங்கியவர் நாகப்பன். ஒன்பது தைப்பூசம் நெஞ்சிலும் முதுகிலும் குத்திக்கொண்டு வெறுங்காலோடு கோயிலுக்கு நடந்தவரும் அவர்தான். மற்ற நாளெல்லாம் அவை அவர் வீட்டுப் பரணில் பழைய வேட்டிக்குள் கிடந்தன. கோயில் பீரோவில் ஒரு நாள்கூடத் தூங்கியதில்லை. தேனும் தினைமாவும் தின்ற சாமிக்கு ஈயின்மேல் கோபம் வருமாம். சொல்கிறவர்கள் சொல்லட்டும்.

நாகப்பன் மலைத்தோட்டத்தில் தேயிலைச் செடியின் தலையைக் கழித்துக் கவ்வாத்து வெட்டுகிறவர். கம்பியோ கயிறோ கண்ணில் பட்டால் சும்மா விடமாட்டார். இழுப்பார், காதருகே வைத்துச் சுண்டுவார், நாக்கு நுனியால் தொட்டுப் பார்ப்பார். "துருவுக்கு ஒரு ருசி இருக்குலா. கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடி நாக்குக்குத் தெரிஞ்சிரும்" என்பார். மாதாகோயிலில் கிட்டார் வாசிக்கும் டொனால்ட், இவர் தலை தெரிந்தாலே கிட்டாரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவான்.

எல்லாம் வீட்டுக்குப் பின்னால் இருந்த தேன்பெட்டிகளுக்காக. பெட்டிக்குள் மரச்சட்டங்கள் தொங்கும், ஈக்கள் அதில் அடை கட்டும். சட்டத்துக்குக் குறுக்கே பிடிமானம் இல்லாவிட்டால், பெட்டியை அசைத்ததும் தேன் கனத்தில் அடை அறுந்துவிடும். போன வருஷம் ஒரு பெட்டி அப்படித்தான் போயிற்று. ராணி நசுங்கியது, மற்ற ஈக்கள் போன திசை தெரியவில்லை. மிச்சம் இரண்டே பெட்டி.

அவர் கட்டிப் பார்க்காத பொருள் இல்லை. நூலை ஈக்கள் மூன்றே நாளில் கடித்துப் பஞ்சாக்கி வாசலில் தள்ளின. தூண்டில் நரம்பு வெயிலில் தளர்ந்து, அடை தூளிபோலத் தொய்ந்தது. இரும்புக் கம்பியை மலைப்பனி இரண்டு மாதத்தில் தின்றது. அடுத்து எதைக் கட்டலாம் என்று இவர் யோசித்துக்கொண்டிருந்தபோதே ஈக்கள் வெறும் சட்டத்தில் அடையைக் கட்டி முடித்துவிட்டன.

அந்த நேரம் பார்த்து, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் மகனை ஓர் ஈ கொட்டியது. பதினைந்து நாளில் பெட்டிகள் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தைவிட்டுப் போக வேண்டும் என்று மேனேஜர் உத்தரவு. கியா பார்மில் ஸ்ட்ராபெரி போடும் சீனர் ஒருவர் இடம் தருவதாகச் சொன்னார். ஆனால் காய்கறி லோரியில், குண்டும் குழியுமான மலைப்பாதையில் போக வேண்டும்.

"கட்டி முடிச்ச அடைக்குள்ள எதைக் கட்டுறது, மணியம்மா?"

"கட்ட முடியாட்டி குத்துங்க. வருசா வருசம் உங்க முதுகுல குத்தலையா?" என்றாள் மனைவி, வெங்காயம் உரித்தபடி.

அவள் கேலியாகத்தான் சொன்னாள். அவர் பரணைப் பார்த்தார்.

ஒன்பது வருஷ வியர்வையும் எலுமிச்சைச் சாறும் பட்ட கம்பி. நக்கிப் பார்த்தார், துரு ருசி இல்லை. வெந்நீரில் கழுவினார். சட்டத்தின் பக்கக் கட்டைகளில் துளை போட்டு, தேங்காய் மட்டைப் புகையில் ஈக்களை ஒதுக்கி, ஈக்குஞ்சு வளரும் இடத்தை விலக்கி, ஒரே மூச்சில் நேராகச் செலுத்தினார். தயங்கினால் கிழியும் என்பது அவர் உடம்புக்குத் தெரியும். சட்டத்துக்கு இரண்டு கம்பி. கசிந்த தேனை ஈக்களே நக்கி எடுத்து, ஓட்டையை மெழுகால் பூசிவிட்டன. பதினாறு சட்டம் முடிந்தபோது வேட்டி மட்டும் மிச்சம்.

சேதி கேட்டு, கோயில் தலைவர் கந்தசாமிக் கங்காணி வாசலுக்கே வந்துவிட்டார்.

"ஏன்டா நாகப்பா, மக பொழச்சதுக்குப் பத்து வருச நேத்திக்கடன் வச்சே. ஒரு வருசம் பாக்கி கெடக்கு. தைக்கு என்னாத்தடா குத்திக்குவே, பென்சிலா?"

"பால்குடம் எடுக்கிறேன், கங்காணி."

"வச்ச நேத்தியை மாத்துறதுக்கு நீ யாரு? கம்பிய உருவிட்டுக் கோயிலுக்கு வா. இல்லாட்டி வராதே."

நாகப்பன் உள்ளே திரும்பிப் பார்த்தார். கைக்குழந்தையில் காய்ச்சலில் கிடந்து மீண்ட மகள் ஜெயா, பாயில் உட்கார்ந்து பள்ளிப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"உருவுனா அடை கிழிஞ்சிரும், கங்காணி. எல்லாம் பறந்துரும். நான் உருவ மாட்டேன்."

மறுநாள் ஒரு பெட்டியைத் பக்கத்து வீட்டுத் தங்கையாவின் மோட்டார் சைக்கிளில் கட்டி, தானா ராத்தா வரை போய்த் திரும்பினார். "ஈக்கு டவுன் காட்டப் போறாரு" என்று லயமே சிரித்தது. வந்து திறந்தார். ஓர் அடைகூட இடம் மாறவில்லை. அன்றைக்குச் சிரித்தவர்கள்தான் இன்றைக்குச் சாமி குற்றம் பேசுகிறார்கள்.

லோரி வந்த காலையில் பனி தரையோடு கிடந்தது. ஈக்கள் வெளியே வராத குளிர். டிரைவர் முனியாண்டி முட்டைகோஸ் மூட்டைகளைக் காட்டி, "பின்னால வைங்கண்ணே, கோபிஸ் மேல" என்றான்.

"மடியில வச்சுக்கிறோம்லா."

மணியம்மா ஒரு பெட்டியோடு முன்னே போனாள். நாகப்பன் மற்றதை நெஞ்சோடு அணைத்தபடி வாசலுக்கு வந்தார். குழாயடியில் குடங்கள் நிரம்பி வழிந்தன, யாரும் எடுக்கவில்லை. கங்காணியும் அங்கே நின்றிருந்தார். நாகப்பன் யாரையும் பார்க்கவில்லை. செருப்பை ஒவ்வொன்றாகக் கழற்றிக் காலாலேயே ஓரம் தள்ளிவிட்டு, வெறுங்காலோடு ஈரக் கல்லில் இறங்கி நடந்தார்.