வாசலில் வேப்பிலை, தொடையில் ஊசி

எண்பதுகளின் தொடக்கத்தில் தேரடிக்குப் பக்கத்துத் தெருவில் கூட்டுக் குடும்பமாக இருந்தோம். என் முதல் பிள்ளைக்கு முத்தடுப்பு ஊசி போட்டு வந்த நாள். காய்ச்சல் வந்தால் கால் மாத்திரை கொடுங்கள், பயப்படாதீர்கள் என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார். பயப்படாதே என்று யாராவது சொன்னால்தான் எனக்குப் பயமே ஆரம்பிக்கும்.

சாயங்காலம் பிள்ளைக்கு உடம்பு கொதித்தது. கழுத்தில் வேர்க்குரு வேறு. என் ஓரகத்தி அதைப் பார்த்தார். நேரே போய் வேப்பிலை ஒடித்து வந்து வாசலில் கட்டிவிட்டார். பங்குனி வெயிலில் அம்மா வந்திருக்கிறாளாம், மாத்திரையைக் கிட்டே கொண்டுவரக் கூடாதாம். ஊசிக் காய்ச்சல்தான் என்றேன்.

"படிச்சவ, எங்கிட்ட சொல்லிட்ட. அம்மாகிட்ட யாரு சொல்றது?"

அவர் பின்கட்டுக்குப் போன நேரம் மாத்திரையைத் தாய்ப்பாலில் கரைத்துப் புகட்டினேன். கையோடு அம்மனிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன்.

காலையில் காய்ச்சல் இல்லை. ஆனால் கட்டிய வேப்பிலையைப் பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் எடுக்கக் கூடாது. அதுவரை வீட்டில் தாளிப்பு கிடையாது. தாளிக்காத ரசத்தை என் கணவர் மருந்து குடிப்பதுபோலக் குடித்தார். பால்காரர் செம்பைத் தெருவிலேயே வைத்துவிட்டு ஓடினார்.

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். அதற்குள் ஊசி போட்டதால்தான் அம்மை வந்தது என்று தெரு முழுக்கப் பேச்சு. வெள்ளிக்கிழமை நர்ஸம்மா எங்கள் தெருவுக்கே வந்து ஊசி போடுவதாக இருந்தது. ஒருத்தியும் பிள்ளையைக் காட்டப்போவதில்லை. போன வருஷம் பின்தெருக் குழந்தை ஒன்று கக்குவான் வந்து மூச்சை இழுத்து இழுத்து இருமிய சத்தம் எங்கள் வீடு வரை கேட்டது. அப்போது நான் கர்ப்பமாக இருந்தேன். அந்த இருமல் ஒரு வீட்டோடு நிற்காது. என் பிள்ளைக்கோ இன்னும் ஊசிகள் பாக்கி.

வெள்ளிக்கிழமை நர்ஸம்மா வந்து வேப்பிலைக்குக் கீழே நின்றார். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. பிள்ளையின் கழுத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அம்மை எங்கே என்று கேட்டார். எல்லோரும் ஓரகத்தியைப் பார்த்தார்கள். அவர் முகம் சிவந்தது. தப்பாகக் கட்டிவிட்டேன் என்று ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை அவர்.

"அம்மா வந்தது நெசந்தான். ஊசி போட்ட புள்ளைனு பாத்தா. இங்க நமக்கு வேலையில்லனு கெளம்பிட்டா," என்றார் நிதானமாக.

இது அம்மைக்கான ஊசியே இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். நர்ஸம்மா என் காலை லேசாக மிதித்தார். ஓரகத்தி தன் மகளைத் தூக்கி வந்து முதல் ஆளாக நின்றுவிட்டார். பின்னாலேயே வரிசை.

என் மனசு கேட்கவில்லை. வரிசையில் ஒவ்வொருத்தியிடமும் போய், இது கக்குவானுக்கும் தொண்டை அடைப்பானுக்கும் ரண ஜன்னிக்கும் போடுவது, அம்மைக்கு இல்லை என்று சொன்னேன். யாரும் கலைந்து போகவில்லை. அடுத்த வீட்டுக்காரி மட்டும் காய்ச்சல் வருமா என்று கேட்டாள்.

"வரலாம்," என்றேன்.

"வந்தா உன் மடியிலதான் கொண்டாந்து போடுவேன், பாத்துக்க," என்று சொல்லிவிட்டு, குழந்தையின் தொடையைத் திருப்பிக் காட்டினாள்.